துபாஷி எழுதிய வந்தவாசி

வந்தவாசி என்றதும் பள்ளிப் பிள்ளைகள் 1760 போர் என்பார்கள். பாய் வாங்க வருகிறவர்களுக்கு அந்த ஆண்டும் வேண்டாம். நல்ல கோரைப்பாய் கிடைத்தால் போதும். கோட்டையில் சிதைந்த மதில் மிச்சமிருக்கிறது. தேடிப் போய்ப் பார்ப்பவர் குறைவு.

ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இந்த ஊர் வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, உயர்ந்தவர் அவர். 1736 செப்டம்பரில் தொடங்கிய நாட்குறிப்பு 1761 ஜனவரி வரை ஓடுகிறது. அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் வந்தவாசிக் கோட்டை தக்கி சாகிபின் கையில் இருந்தது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகன் அவர். சந்தா சாகிப் இன்னொரு மருமகன். ஆக, அன்றைய வந்தவாசி நவாப் வீட்டுக் குடும்பச் சொத்து மாதிரி.

அந்த வீடு 1740-இல் ஆட்டம் கண்டது. தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரிடம் தோஸ்த் அலி மாண்டார். அவர் குடும்பத்துப் பெண்கள் புதுச்சேரிக் கோட்டை வாசலில் வந்து அடைக்கலம் கேட்டார்கள். பிரெஞ்சு கவர்னர் துமாஸ் கதவைத் திறந்துவிட்டார். அரசு சரிவதைப் பிள்ளை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். யாருக்குப் பீரங்கி மரியாதை, யாருக்குப் பல்லக்கு, யார் பாக்கி நின்றுபோனது என்று கணக்குப்பிள்ளையின் கண்ணோடு எழுதிப்போவார். மனிதருக்குத் தற்பெருமை கொஞ்சம் தூக்கல்தான்; ஆனால் வெறும் போர்க்களத்தை மட்டும் எழுதும் சரித்திரக்காரர்களைவிட எனக்கு அவர்மேல்தான் நம்பிக்கை.

1760 ஜனவரி 22. ஆங்கிலேயரிடமிருந்து வந்தவாசிக் கோட்டையை மீட்கப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டிருந்தார். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையோடு வந்து மோதினார். பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்து வண்டி வெடித்து அணி குலைந்தது, அவர்களின் தளபதிகளில் ஒருவரான புஸ்ஸி பிடிபட்டார். பிள்ளையின் பதவி அதற்குச் சில ஆண்டு முன்பே போயிருந்தது. ஓராண்டில் புதுச்சேரியும் விழுந்தது. அதே 1761 ஜனவரியில் பிள்ளையும் இறந்தார். லாலியைப் பாரீசில் 1766-இல் தலை துண்டித்தார்கள்.

ஆற்காட்டு அரசியலில் அடிபட்ட ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு தாலுகா. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் பஸ் ஓடுகிறது. புதுச்சேரிக்குத் திண்டிவனம் வழியாகப் போகலாம். அங்கே கம்பெனியின் கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டார்கள். துபாஷியின் மாளிகையோ அவர் பெயர் கொண்ட ரங்கப் பிள்ளை வீதியில் நிற்கிறது.