மதுவும் மனமும்

'குடி குடியைக் கெடுக்கும்' என்று மதுப் புட்டியிலேயே அச்சிட்டிருந்தது. என் தந்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். பின் ஏன் குடித்தார்? வேதியியல் மாணவனாகிய நான் இவ்வினாவுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவந்தன. பின்னர் ஒரகடம் வரை வயல்கள் பல ஆலைகளாயின. எங்கள் நிலமும் கைமாறிற்று. ஏர் பிடித்த தந்தை ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியானார். மகன் வயதுடைய மேற்பார்வையாளர் 'டேய்' என்று அழைத்த நாள்களிலும் அவர் வீட்டில் சொன்னது, "உடம்பு வலி" என்பது மட்டுமே. அவமானம், ஏக்கம், தனிமை அனைத்திற்கும் நம் ஊர் ஆண்கள் இட்டிருக்கும் பெயர் அதுதான். (சம்பள நாளில் மட்டும் காரணம் மகிழ்ச்சி!)

மது அந்த வலியைச் சிறிது நேரம் தணிக்கத்தான் செய்கிறது. இதை மறைத்துப் பயனில்லை. மூளையில் 'காபா' என்னும் வேதிப்பொருள் வண்டியின் பிரேக் போன்றது. 'குளூட்டமேட்' ஆக்சிலேட்டர் போன்றது. எத்தனால் முன்னதை வலுப்படுத்திப் பின்னதை அடக்குகிறது, படபடப்பு குறைகிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளையோ, இதற்கு ஈடுகட்டப் பிரேக்கைத் தளர்த்தி ஆக்சிலேட்டரை அழுத்தியே வைத்துக்கொள்கிறது. போதை இறங்கியதும் காரணமறியா அச்சம், எரிச்சல், நடுக்கம், தூக்கமின்மை. முதலில் கவலைக்காகக் குடித்தவர், பிறகு குடி ஈன்ற கவலைக்காகக் குடிக்கிறார்.

இதை அறியாமல் நாங்கள் தந்தையைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தோம். மறுநாள் கை நடுங்கிற்று. "நடிக்கிறார்" என்றேன் நான். இரண்டாம் இரவு வலிப்பு வந்துவிட்டது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் மேற்பார்வையில் மருந்துடன்தான் நிறுத்தவேண்டும் என்று அரசு மருத்துவமனையில்தான் கேட்டறிந்தோம்.

உடல் தெளிந்தாலும் மனம் மிச்சமிருக்கிறதே! குடியை விட்டவர்கள் மீண்டும் ஏன் குடிக்கிறார்கள் என ஆராய்ந்த அமெரிக்க உளவியலார் ஆலன் மார்லாட், கோபம், சோர்வு போன்ற உணர்ச்சிகளையும், பிறருடன் சச்சரவையும், நண்பர் வற்புறுத்தலையும் முதன்மைக் காரணங்களாகக் கண்டார். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில், குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவது இதனால்தான். மனத்துயருக்கு அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

ஷிப்டு முடிந்து வரும் தந்தை இப்போது சில நாள்களில், "இன்னைக்கு அவன் என்னை அப்படிப் பேசிட்டான்டா" என்று சொல்கிறார். எல்லா நாளும் சொல்வதில்லை. சொல்லாத நாளில் அம்மா அவரைக் கடைத்தெருப் பக்கம் தனியே அனுப்புவதில்லை. நானும் உடன் செல்கிறேன்.