கரை விடுப்பு

கரை விடுப்பு என்பது கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது மாலுமிகள் தரையிறங்கிச் சென்றுவர வழங்கப்படும் அனுமதி ஆகும். மாலுமிகளின் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கருதி, 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதனை வலியுறுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் தரையிறங்க விசாவும் தேவை.

தரையிறங்கிய மாலுமி அந்நாட்டுச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர். ஒரு துறைமுகத்தில் இயல்பான செயல் மற்றொன்றில் குற்றமாகலாம். சவூதி அரேபியா, குவைத் ஆகிய நாடுகளில் மது கொண்டு செல்வதும் அருந்துவதும் குற்றம். சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை உள்ளது. அங்கு 15 கிராமுக்கு மேல் தூய எரோயின் கடத்துபவருக்கு மரண தண்டனை விதிக்கப்படலாம். எனவே பிறர் கொடுக்கும் பொதியைக் கப்பலுக்கு எடுத்து வருவது பேராபத்தாகும். தாய்லாந்தில் அரசரை இழிவுபடுத்துவோருக்கு 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

கரை அனுமதிச் சீட்டு பொதுவாகக் கப்பல் அங்கு நிற்கும் காலத்திற்கே செல்லும். கப்பலைத் தவறவிட்டவரைக் குடிவரவு அதிகாரிகள் தடுத்து வைக்கக்கூடும். ஆகையால் அனுமதிச் சீட்டு, கப்பல் முகவரின் தொலைபேசி எண், கப்பல் நிற்கும் துறையின் பெயர், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவற்றுடன் இருவராகவோ குழுவாகவோ செல்வது பாதுகாப்பானது.