சவுக்கு: ஏக்கருக்கு எத்தனை கன்று?

ஐப்பசி மழைக்கு முன் கன்று ஊன்றியாக வேண்டும். நாற்றங்கால்களில் முன்பணம் கட்டும் நாளும் நெருங்கிவிட்டது. கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வி: மூன்றடிக்கு மூன்றடியா, ஐந்தடிக்கு ஐந்தடியா? முதல் கணக்கில் ஏக்கருக்கு 4,840 கன்று, இரண்டாவதில் 1,742. கன்று கூடினால் டன்னும் கூடும் என்கிறார் கன்று விற்பவர். அவர் விற்பது கன்று; டன் அல்ல.

நெருக்கி நட்டால் மரம் பெரிதாகக் குட்டையாகிவிடாது. உயரத்தை மண்ணும் தண்ணீரும் ரகமும் பார்த்துக்கொள்ளும். அடிபடுவது பருமன். பக்கத்து மரத்தின் கிளை வந்து முட்டியதும் கீழ்க்கிளைகளுக்கு வெயில் கிடைக்காது, காய்ந்துவிடும். மிச்சமிருக்கும் பச்சை தயாரிக்கும் உணவு முதலில் நுனிக்கும் வேருக்கும் போகிறது. தண்டு பருப்பது மரத்துக்குக் கடைசிச் செலவு. வரவு குறைந்தால் முதலில் நிற்பதும் அதுதான். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றின் சுற்றளவு 15 செ.மீ., மற்றது 21 செ.மீ. என்றால், இரண்டாவதில் ஏறத்தாழ இரு மடங்கு கட்டை இருக்கிறது.

நெருக்கத்தில் பருமன் குறைவதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியவை 1930களில் தென்னாப்பிரிக்காவில் ஓ'கானர் என்ற வனத்துறை ஆய்வாளர் தொடங்கிய பைன் தோட்டச் சோதனைகள். (சவுக்கு பைன் இனமல்ல. அதில் ஊசி இலை போலத் தெரிவது பச்சைக் குச்சிதான். ஆனால் வெயிலுக்கு நடக்கும் போட்டி இரண்டுக்கும் ஒன்று.) வெவ்வேறு இடைவெளியில் நட்டால் அகலமான பாத்தியில் களை மண்டி ஒப்பீட்டையே கெடுத்துவிடும். அதனால் எல்லாப் பாத்தியிலும் ஏக்கருக்குச் சுமார் 1,200 என ஒரே நெருக்கத்தில் நட்டார்கள். பிறகு, மரங்கள் ஒன்றையொன்று நெருக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே, ஒவ்வொரு பாத்தியிலும் ஓர் அளவுக்குக் கலைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசிப் பாத்தியில் மிஞ்சியது ஏக்கருக்கு 50 மரம். நெருக்கடி என்றால் என்னவென்றே அறியாமல் வளர்ந்த 50. அவை பருத்தன. ஆனால் பாத்தியின் மொத்தக் கட்டையில் நெருக்கமான பாத்திகளே முந்தின.

அப்படியானால் நாற்றங்கால்காரர் சொல்வது சரிதானே? ஓரளவுக்குச் சரி, அதுவும் சீக்கிரம் வெட்டுகிறவருக்கு. வருடம் கூடக்கூட மொத்தக் கட்டையில் அந்த வித்தியாசம் சுருங்கும். நெருக்கத்தில் நலிந்த மரங்கள் நின்றபடியே சாகும். மூன்றாம் வருடம் வெட்டுகிறவரின் கணக்கு வேறு, ஆறாம் வருடம் வெட்டுகிறவரின் கணக்கு வேறு. எத்தனையாம் வருடம் என்று சொல்லாமல் "ஏக்கருக்கு இத்தனை டன்" என்று போடும் துண்டுப் பிரசுரத்தை நம்ப வேண்டாம்.

வருடத்தைச் சொன்னாலும் கணக்கு ஏமாற்றலாம். எந்தத் தோப்பிலும் வரப்போர வரிசையைப் பாருங்கள். வெளிப்பக்கம் அடிவரை பச்சைக் கிளை, தண்டு கையில் அடங்காது. நாலு வரிசை உள்ளே போனால் அதே நாள் நட்ட மரம் கம்பாக நிற்கும். ஓர மரத்துக்கு ஒரு பக்கம் போட்டியே இல்லை. இப்போது விளைச்சல் கணக்குக்காக அளக்கும் மாதிரித் திடல் ஒன்றை எண்ணுங்கள். பத்துக்குப் பத்து என 100 மரம் இருந்தால் 36 மரம் ஓரத்தில் நிற்கிறது. மூன்றடி இடைவெளியில் நட்ட ஒரு சதுர ஏக்கரில் ஓர மரம் நூற்றுக்கு ஆறுகூட வராது. சின்னத் திடலின் எடையை அப்படியே ஏக்கருக்குப் பெருக்கினால் உங்கள் தோப்பில் வராத டன் காகிதத்தில் வந்துவிடும். முறையான ஆராய்ச்சியில் ஓர வரிசைகளைக் காவல் வரிசை என்று ஒதுக்கி, உள்ளே இருப்பதை மட்டும் அளப்பார்கள். யாராவது விளைச்சல் கணக்கோடு வந்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஓர மரத்தைக் கழித்தீர்களா?

மற்ற கேள்விகள்:

காகித ஆலைக்கா? எடைக்குத்தான் காசு, நெருக்கம் தாங்கும், ஆனால் சீக்கிரம் வெட்டுங்கள்.

சாரம், பந்தல் கம்புக்கா? நெருக்கமே நல்லது: நேராக, கணு குறைவாக வரும்.

உரம் போட்டால் நெருக்கம் சரியாகுமா? உரத்தால் வெயிலைக் கொடுக்க முடியாது.

ஊடுபயிர்? முதல் வருடம் மணிலா (நிலக்கடலை) வரும்; நிழல் கட்டிய பின் வராது.

இடையில் கலைக்கலாமா? கலைக்கலாம், மரங்கள் கம்பாக மெலிவதற்கு முன். மெலிந்த பின் கலைத்தால் மிச்சமிருப்பவை காற்றுக்குத் தனியாக நிற்கும். 2011 தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.