களத்தில் ஒலிப்பதிவும் மின்கலமும்

ஸ்டீபன் குடெல்ஸ்கி 1958-இல் வெளியிட்ட 'நாக்ரா 3' என்னும் ஒலிப்பதிவுக் கருவி, தலா 1.5 வோல்ட் மின்னழுத்தமுள்ள 12 மின்கலங்களால் இயங்கியது. தொடராக இணைத்தால் 18 வோல்ட்.

ஆயினும் கலங்கள் புதியனவாயிருந்தால் மட்டும் போதாது. இணைப்பு முனைகளில் அழுக்கேறி, ஒவ்வொரு கலத்துக்கும் 0.5 ஓம் தடை கூடுவதாகக் கொள்வோம். 0.2 ஆம்பியர் மின்னோட்டத்தில் கலத்துக்கு 0.1 வோல்ட் வீணாகும். பன்னிரண்டிலும் சேர்த்து 1.2 வோல்ட். ஏறத்தாழ ஒரு கலமே இல்லாததற்கு இது சமம் அன்றோ?

ஆகவே நான் மூன்றை வலியுறுத்துவேன். முனைகளைத் துடைத்து வையுங்கள். நலிந்த கலமும் சும்மா இருக்கையில் நல்ல அழுத்தமே காட்டுமாதலால், கருவி ஓடும்போது அளந்து பாருங்கள். புறமின் கம்பிக்கு, மாற்றிச் செருக இயலாததும் இழுத்தால் கழலாததுமான பூட்டுச் செருகியையே கொள்ளுங்கள். முதிய பாடகர் ஒருவரின் குரல் மறுமுறை கிட்டாமற்போகலாம்; அவ்வேளையில் கருவி ஓயலாகாது.