கெசட் வந்த வெள்ளிக்கிழமைகள்

1996இல் என் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு விஷயம். ஒன்று ஜும்ஆ. மற்றது கெசட். தொழுகை முடிந்து வரும் வாப்பாவின் கையில், கொமினிகேஷன் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய அரசாங்க வர்த்தமானி இருக்கும். பதவி வெற்றிடங்கள் உள்ள பக்கங்களை உம்மா சோறு போடுவதற்கு முன்பே நான் படித்து முடித்துவிடுவேன். மாதிரி விண்ணப்பப் படிவத்தை ஒரு எழுத்தும் பிசகாமல் தாளில் எடுத்தெழுத வேண்டும். கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிட்டு, எங்கள் ஊரான அலவத்துகொட தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும். பேராதனையில் கலைப் பட்டம் முடித்த எனக்கு இரண்டு வருடங்கள் இப்படித்தான் போயின. 1998இல் ஆசிரியர் நியமனம் வந்தது.

படிக்கும் காலத்தில் "பிறகு என்ன?" என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மாத்தளையிலிருந்து அக்குறணை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, கண்டியில் இன்னொரு பஸ் மாறி கலகா சந்தியில் இறங்கினால் போதும், ஊர்க் கவலை எதுவும் கூட வராது. மேலே ஹந்தானை, கீழே மகாவலி. பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' கூத்துகளைத் தயாரித்த வளாகம் என்று தமிழ்ச் சங்கத்தில் சீனியர்மார் பெருமையோடு சொல்வார்கள். சங்கத்தின் 'இளங்கதிர்' மலருக்குக் கட்டுரை எழுதுவதற்காக நூலகத்தில் இருட்டும்வரை இருந்த நாட்களை இன்றும் நினைக்கிறேன். அங்கே நிறையப் பேசினோம். வேலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலை, பிறகு கலியாணம் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்ததால் பேச அதில் ஒன்றும் இருக்கவில்லை.

எங்களுக்கு முந்தியவர்களின் கதை வேறு. 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த காலத்தில் பட்டதாரிகள் மிகக் குறைவு, படிப்பு ஆங்கிலத்தில். பட்டம் கைக்கு வந்தால் சிவில் சேவைப் பரீட்சை எழுதலாம், நல்ல கல்லூரி ஒன்றில் படிப்பிக்கலாம். 1960இல் கலைப்பீடத்துக்குத் தமிழும் சிங்களமும் போதனா மொழிகளாக வந்தன. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அது பெரிய நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே போன அளவுக்கு வெளியே வேலை வளரவில்லை. 1971 கிளர்ச்சியில் படித்த இளைஞர்கள் அத்தனை பேர் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். எண்பதுகளின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. எனக்கு மூத்த அணிகளில் சிலர் பட்டம் பெறும்போதே வயது முப்பதை நெருங்கிவிட்டது.

இப்போது என் மகள் அதே கலைப்பீடத்தில் இறுதியாண்டு. புவியியல் சிறப்புக் கற்கை. அவளுடைய அணியும் காலத்தைப் பறிகொடுத்த அணிதான். கொரோனாவால் உயர்தரப் பரீட்சை தள்ளிப்போனது. 2022இல் எண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் வீட்டிலிருந்தே வகுப்பு நடந்தது. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. இவர்களுடைய இழப்பும் எங்கள் காலத்து இழப்பைப் போலவேதான் இருக்கிறது. ஆனால் இவள் காத்திருக்கவில்லை.

இரவு பதினொரு மணிக்கு அவளுடைய அறையில் விளக்கு எரியும். மடிக்கணினித் திரையில் வேறு ஏதோ நாட்டின் செய்மதிப் படம். ஒவ்வொரு வீட்டின் கூரையைச் சுற்றியும் கோடு வரைந்து வரைபடமாக்குகிறாள். வகுப்பில் படித்த ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) அது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் வேலையின் அளவுக்குக் காசு கொடுக்கிறது. பக்கத்தில் ஐ.ஈ.எல்.ட்டி.எஸ். புத்தகம். அவளுடைய அணியில் ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான், பட்டத்தை முடிக்கவே இல்லை. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட நாடு இது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் பழைய பழக்கத்தில், பட்டதாரிகளை அரசாங்கம் எடுக்கும்வரை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன். 2020இல் 50,000 பேரளவில் பயிலுநர்களாக எடுத்து மாதம் 20,000 ரூபாய் கொடுத்தது என் நினைவில் இருந்தது.

"உம்மா, நீங்க காத்திருந்தீங்க, வேலை வந்திச்சி. எங்களுக்கு அது வருமா எண்டு யாரால சொல்ல ஏலும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இப்போது பொறுமை இல்லை என்று ஊரில் பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களிடம் இருந்தது பொறுமை அல்ல, வேறு வழி தெரியாமை. ஆனால் ஒன்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஒரே கெசட்டைப் பார்த்தோம், ஒருத்திக்குக் கடிதம் வந்தால் மற்றவள் ஓடிப்போய்ச் செய்தி சொல்வாள். இவர்கள் ஒவ்வொருவரும் தனித் தனித் திரைக்கு முன்னால் இருந்து தனியாகவே முடிவெடுக்கிறார்கள். தவறினாலும் தனியாகத்தான். அத்தனை பாரத்தை இருபத்துநான்கு வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் வைப்பது சரியில்லை.

அலவத்துகொடயில் பிள்ளையைக் கெம்பஸுக்கு அனுப்பியிருக்கும் உம்மா, வாப்பாமாருக்கு ஒரு ஆசிரியையாகவும் சொல்கிறேன். பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு கேட்கும் கேள்வியை முதலாம் வருடத்திலேயே கேளுங்கள். சொன்ன பதிலைப் பிள்ளை பிறகு மாற்றினால் கோபப்படாதீர்கள். பேராதனையில் தொழில் வழிகாட்டல் பிரிவு இருக்கிறது, கடைசி வருடம்வரை பார்த்திருக்காமல் இப்போதே அங்கே போகச் சொல்லுங்கள். பெண் பிள்ளை என்றால் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "மகள், உங்களுக்கு என்ன விருப்பம்?" என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை.