தாமதத்துக்கு வட்டி

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கமாக ரயிலில் செல்வோர் திருநின்றவூரை அறிவார்கள். திருமகள் வந்து நின்ற ஊர் என்பது அப்பெயருக்குப் பெரியோர் கூறும் பொருள். அக்கம்பக்கத்திலுள்ள அம்பத்தூர், காக்களூர்த் தொழிற்பேட்டைகளுக்கு வர வேண்டிய திருமகளோ சில சமயம் வரி இலாகாவின் பெட்டியிலேயே நின்று விடுகிறாள்!

ஆலைச் சரக்குக்குக் கலால் தீர்வை கட்டியாகி விட்டது. சரக்கு அந்நிய நாட்டுக்குப் போயிற்று. அல்லது தீர்வை அதிகமாகக் கட்டப்பட்டது. பணம் திரும்ப வர வேண்டும். வருகிற வரையில் அது யாருடைய பணம்? மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் இது. ஆனால் மனக்கணக்கிலுள்ள பணத்தைக் கொண்டு தொழிலாளிக்குக் கூலி கொடுக்க இயலாதல்லவா?

1944-ஆம் வருஷத்துக் கலால் சட்டத்தில் இத்தாமதத்துக்கு வட்டி தரும் விதியே வெகுகாலம் இல்லை. 1995-இல்தான் 11பிபி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மனுவைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பணம் தராவிட்டால், அதற்குப் பிறகு வட்டி. தெளிவான வாசகந்தான். ஆயினும் இலாகா ஒரு வாதம் கண்டுபிடித்தது. மனு நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வியாபாரி ஜயித்தால், அந்த உத்தரவு பிறந்த நாளிலிருந்துதான் 3 மாதத்தை எண்ண வேண்டுமாம்! தப்பான உத்தரவு போட்டவருக்கே லாபம் என்றாகிறது. ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியின் வழக்கில், 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இவ்வாதத்தைத் தள்ளி, மனுக் கொடுத்த நாளே கணக்கின் தொடக்கம் என்று தீர்த்தது.

விகிதம் என்ன? 2003 முதல் நூற்றுக்கு 6. லக்ஷ ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய். 12 வட்டிக்குக் கடன் வாங்கிப் பட்டறை நடத்துபவர் அதே லக்ஷத்துக்கு 1,000 ரூபாய் கட்டுகிறார்.

2017 ஜூலையில் பெரும்பாலான சரக்குகளுக்குக் கலாலின் இடத்தில் சரக்கு சேவை வரி வந்தது. கெடு 60 நாளாகக் குறைந்தது நல்லதே. வட்டி அதே 6. மேல்முறையீட்டில் வென்று மறுபடி மனுச் செய்தும் 60 நாள் தாண்டினால் 9. வியாபாரி வரியைத் தாமதித்தாலோ 18! இந்தத் தராசை நியாயமென்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனுவில் குறை கண்டு அதிகாரி குறிப்பு அனுப்பினால், குறையை நீக்கிப் புதிய மனுவே போட வேண்டும். ஆதலால் முதல் மனுவிலேயே எல்லாக் காகிதங்களையும் சேர்த்து, அது கிடைத்ததற்கான சான்றைத் தேதியுடன் பத்திரப்படுத்துவது அவசியம்.