‘மலையாளி’ என்னும் சொல்: கொல்லிமலையில் உரிமை, பர்கூர் மலையில் மறுப்பு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ‘நாடு’ என்பது பல சிற்றூர்கள் அடங்கிய ஊராட்சியைக் குறிக்கும். அங்குள்ள 14 நாடுகளுள் ஒன்று குண்டனி நாடு. இம்மலையின் பெரும்பான்மை மக்களுக்கு அரசு ஆவணங்களில் உள்ள பெயர் ‘மலையாளி’. சமவெளியில் இச்சொல்லைக் கேட்பவர்கள் கேரளத்தவரை நினைக்கின்றனர். இங்கோ அது மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குகிறது. இம்மக்களின் தாய்மொழி தமிழ்.

இம்மக்கள் தம்மைக் ‘காராளர்’ என்றும் ‘கவுண்டர்’ என்றும் அழைத்துக்கொள்வதுண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பியரின் வழிவந்தோர் என்னும் அவர்களது மரபுக் கதையை, 1909-இல் வெளியான தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தம் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். ‘கவுண்டர்’ என்ற பட்டம் கொங்குச் சமவெளியில் நிலவுடைமைச் சாதியின் அடையாளம். மலையில் அதே பட்டம் நிலவுடைமைக்கோ ஆதிக்கத்துக்கோ சான்றாகாது. பட்டம் ஒன்றாக இருப்பதால் வாழ்நிலையும் ஒன்றாகிவிடுவதில்லை.

சட்டம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, பட்டியலைப் பார்க்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் ஆணை வெளியிட்ட பழங்குடிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்திற்கு மட்டுமே அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலின் 25-ஆவது பதிவு ‘மலையாளி’. ஆனால் அதனுடன் ஒரு வேலியும் உள்ளது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் மட்டும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெரும்பாலான சமூகங்களுக்கு இத்தகைய மாவட்ட எல்லைகளை நீக்கியது. மலையாளிகளுக்கு மட்டுமின்றி வேறு சில சமூகங்களுக்கும் எல்லை நீடித்தது.

நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்ததால் குண்டனி நாட்டினருக்கு உரிமை தொடர்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளின் நிலை வேறு. 1976-இல் அம்மலைகள் கோவை மாவட்டத்தில் இருந்தன. கோவை அப்பட்டியலில் இல்லை. ஆகவே அதே பெயரைத் தாங்கியும் அவர்கள் பழங்குடியினர் ஆகவில்லை. மலைகள் இடம்பெயரவில்லை, மாவட்டக் கோடுகளே மனிதரைப் பிரிக்கின்றன.

இதன் விளைவுகள் கண்கூடானவை. மாநில அரசின் கல்வி, வேலைவாய்ப்பில் பழங்குடியினருக்கான 1 விழுக்காடும், ஒன்றிய அரசில் 7.5 விழுக்காடும் பர்கூர் மாணவருக்கு எட்டாதவை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன் வன நிலத்தில் இருந்தமையைக் காட்டினால் போதும். பிறர் அத்தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஆவணம் ஏதுமின்றித் தலைமுறைகளாக மலையில் வாழ்ந்தவருக்கு இது எளிதன்று.

பட்டியலுக்குள் இருப்போருக்கும் சோதனை உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரே வழங்குகிறார். விண்ணப்பித்தவரின் நடை, உடை, பட்டம் ஆகியவற்றைப் பார்த்து ‘இவர் பழங்குடிபோல் இல்லை’ என ஐயுறும் போக்கு உண்டு. ஒரு சமூகத்துடனான பண்பாட்டு ஒற்றுமையைச் சோதிப்பது மட்டுமே முடிவான உரைகல் ஆகாது என 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மகாராட்டிர வழக்கொன்றில் தெளிவுபடுத்தியது. போலிச் சான்றிதழ்களைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. அதன் சுமையை உண்மையான உரிமையாளர் மீது ஏற்றுவது நீதியன்று.

செய்ய வேண்டியவை இரண்டு. ‘மலையாளி’ என்ற பதிவிலுள்ள மாவட்டப் பெயர்களை நீக்கி, தமிழகம் முழுவதற்கும் அதைப் பொதுவாக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். அதற்கான முன்மொழிவை மாநில அரசு வலியுறுத்த வேண்டும். அதுவரை, கல்லூரிகளில் பயிலும் மாணவர்கள் இச்சொல்லின் பொருளையும் பட்டியலின் எல்லையையும் அறிந்து பிறருக்கும் விளக்குவது, சான்றிதழுக்காக அலைவோருக்குத் துணையாக அமையும்.